நடனப் பள்ளியைத் தெரிதல்

பிள்ளையைப் பரதநாட்டியம் பயில அனுப்ப விரும்பும் பெற்றோர் பெரும்பாலும் பள்ளியின் ஆண்டு விழாவைக் கண்டே முடிவு செய்கின்றனர். விழா மேடையில் ஒப்பனையும் ஒளியும் பல குறைகளை மறைத்துவிடும். சாதாரண நாளொன்றில், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் தட்டடவு பழகும் வேளையிற் சென்று பார்த்தலே தக்கது.

முதலிற் கவனிக்க வேண்டியது அரைமண்டி. கால்விரல்கள் நோக்கும் திசையிலேயே முழங்காலும் மடிதல் வேண்டும். பாதம் பக்கவாட்டில் விரிய, முழங்கால் முன்புறம் சரியுமாயின் மூட்டு முறுகும். அவ்வாறே ஆண்டுக்கணக்காக ஆடும் பிள்ளைக்கு நோவு வருதல் இயல்பே. ஆசிரியர் தட்டுக்கழியோடு ஓரிடத்தில் அமர்ந்துவிடுகிறாரா, எழுந்து சென்று ஒவ்வொரு பிள்ளையின் நிலையையும் திருத்துகிறாரா என்பது இங்கே புலப்படும். ஓர் அறையில் நாற்பது பிள்ளைகள் நின்றால் எத்துணைத் திறமையாளராலும் அது இயலாது. வெறும் சீமெந்துத் தரையாயின், குதிப்பு அடவுகளை அளவோடு நிறுத்துகிறாரா என்பதையும் பார்த்தல் நன்று.

அரங்கேற்றம் எப்போது என்று முதல் நாளிலேயே வினவும் பெற்றோரும் உளர். அலாரிப்பு முதல் தில்லானா வரை தனித்து ஆடுவதற்கு உடலும் தாளவுணர்வும் முதிரப் பல ஆண்டுகள் செல்லும். இரண்டே ஆண்டில் அரங்கேற்றுவதாக வாக்களிக்கும் பள்ளி, பட்டுக்கும் பக்கவாத்தியத்துக்குமெனப் பெற்றோரைக் கடனாளியாக்குவதோடு, அடவுகளை மூன்று காலத்திலும் சுத்தமாகப் பழகவேண்டிய பருவத்தையும் பிள்ளையிடமிருந்து பறித்துவிடுகிறது.