உப்புக்கல்லைத் தேடி வந்த மான்கள்

ஒன்பதாம் ஆண்டு வகுப்பில் விலங்குகளின் தொற்றுநோய் பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு மாணவன் கேட்டான்: "சேர், வருத்தம் பிடிச்ச மானைச் சுட்டுத் தாட்டா அதோட முடிஞ்சிடும்தானே?"

நியாயமான கேள்விதான். ஆனால் அமெரிக்காவின் காட்டு மான்களைப் பீடித்துள்ள 'நாட்பட்ட மெலிவு நோய்' அவ்வளவு லேசில் முடிகின்ற வருத்தமல்ல.

1967இல் கொலராடோ மாநிலத்தில், ஆய்வுக்காக அடைத்து வளர்க்கப்பட்ட மான்களிடம் இது முதன்முதலில் கவனிக்கப்பட்டது. மான் நாளுக்கு நாள் மெலியும், எச்சில் வடியும், தலையைத் தொங்கப்போட்டு நிற்கும், கடைசியில் செத்துப்போகும். தீனியில் ஏதோ குறை என்றே முதலில் எண்ணினார்கள். 1978இல் எலிசபெத் வில்லியம்ஸ் என்ற மிருக வைத்தியர், இறந்த மான்களின் மூளையில் கடற்பஞ்சில் உள்ளதுபோன்ற துவாரங்களைக் கண்டார். 1981இல் காட்டில் திரிந்த விலங்கொன்றிலும் நோய் உறுதிப்படுத்தப்பட்டது.

இதற்குக் காரணம் வைரஸுமல்ல, பற்றீரியாவுமல்ல. பிழையாக மடிந்துபோன ஒரு புரதம். அது பக்கத்திலுள்ள நல்ல புரதத்தையும் தன்னைப்போலவே மடியச் செய்துவிடும். இத்தகைய புரதத்துக்கு 1982இல் 'பிரியோன்' என்று பெயரிட்ட ஸ்டான்லி புருசினருக்கு 1997இல் நோபல் பரிசு கிடைத்தது. பிரியோனுக்கு உயிரில்லை, எனவே அதைக் கொல்லவும் வழியில்லை. சாதாரண சமையல் சூட்டுக்கும் அது அழியாது. நோய்க்கு மருந்தோ தடுப்பூசியோ இல்லை.

சரி, எப்படிப் பரவுகிறது? எச்சில், சிறுநீர், புழுக்கை, செத்த உடல் ஆகியவற்றால். தொற்றிய மான் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வருடங்களுக்குப் பார்வைக்குச் சுகமாகவே திரியும். ஆனால் அக்காலத்திலேயே பிரியோனை வெளியேற்றத் தொடங்கிவிடும். வெளியேறிய பிரியோன் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு வருடக்கணக்கில் கிடக்கும். ஆகவே மெலிந்த மான் நம் கண்ணில் படும்போது, வருத்தம் ஏற்கெனவே மண்ணுக்கும் மற்ற மான்களுக்கும் போயிருக்கும்.

இதில் மனிதனுக்கும் பங்குண்டு. காட்டில் மான்கள் பரந்து மேயும். ஓரிடத்தில் தீனி போட்டால் எல்லாம் அங்கேயே கூடி, ஒன்று வாய் வைத்த இடத்தில் மற்றதும் வாய் வைக்கும். இரக்கத்தில் போட்டாலும், வேட்டைக்கு ஆசைகாட்டிப் போட்டாலும் விளைவு ஒன்றுதான். அதனால்தான் அமெரிக்காவில் பல மாநிலங்கள் மான்களுக்குத் தீனி போடுவதைக் கட்டுப்படுத்தியுள்ளன. பண்ணை மான்களை ஊர்விட்டு ஊர் ஏற்றிச் செல்வதாலும் நோய் தூரப் பயணம் போகிறது.

2016இல் நோர்வேயின் நூர்ட்ஃபியெல்லா மலைப்பகுதியில், ரெயின்டீர் எனப்படும் துருவ மானொன்றில் இந்நோய் கண்டுபிடிக்கப்பட்டது. ஐரோப்பாவின் முதல் சம்பவம் அது. நோர்வே அரசு கடும் முடிவெடுத்தது. 2018ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் அந்த மந்தை முழுவதும், ஏறத்தாழ 2000 மான்கள், கொல்லப்பட்டன. பரிசோதனையில் நோயுள்ளவையென உறுதியானவை 19 மட்டுமே. ஒளித்திருக்கும் வருத்தத்துக்கு மந்தை கொடுத்த விலை அது.

அத்தோடும் அவர்கள் நிற்கவில்லை. செம்மறியாடுகளுக்காக மேய்ப்பர்கள் வைத்திருந்த உப்புக்கற்களை நக்குவதற்குத் துருவ மான்களும் கூடி வந்திருந்தன. அந்த இடங்களின் மண்ணையே சந்தேகிக்க வேண்டியதாயிற்று. அவற்றை வேலியிட்டு அடைத்தார்கள்; வருடக்கணக்கில் அந்த மலையை மானில்லாமல் விட்டார்கள். அப்படியிருந்தும் 2020இல் தெற்கேயுள்ள ஹார்டாங்கர் மேட்டுநிலத்தில் வேட்டையாடப்பட்ட மானொன்றில் அதே நோய் இருந்தது.

மனிதருக்கு இந்நோய் தொற்றியதாக இதுவரை உறுதிசெய்யப்படவில்லை. என்றாலும் நோயுள்ள மானின் இறைச்சியை உண்ண வேண்டாமென்றே சுகாதாரத் துறையினர் சொல்கிறார்கள்.

அந்த மாணவனுக்கு நான் இப்படித்தான் சொன்னேன்: "மகன், மானைத் தாட்டாலும் வருத்தம் மண்ணில கிடக்கும். அது வந்த பிறகு சுடுறதை விட, வர முந்தி மான்களை ஓரிடத்தில கூட்டாம விடுறதுதான் லேசு."