பழைய காருக்குப் புதுச் சாவி

பிரிட்டனில் 1962இல் அறிமுகமான எம்.ஜி.பி. காரின் ஆரம்ப கால மாடல்களில், இக்னிஷன் பூட்டின் முகப்பிலேயே சாவியின் எண் பொறிக்கப்பட்டிருக்கும். ‘எஃப்.எஸ்.’ என்ற வரிசை அது. 876இல் தொடங்கி 955இல் முடியும். ஆக மொத்தம் 80 சாவிகள்தான். மினி, டிரயம்ப், ஜாகுவார் என்று அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவும் இந்த எண்பதைத்தான் பகிர்ந்துகொண்டன. கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாலே எண் தெரிந்துவிடும் என்பதால் பாதுகாப்பு குறைவுதான். ஆனால் அந்தக் காரைச் சாவியில்லாமல் இன்று வாங்குகிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும் என்ற கணக்கு அந்த எண்ணில் அடங்கியிருக்கிறது. கார்ப் பூட்டின் உருளைக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளை; அதன் உயரம் தகட்டுக்குத் தகடு மாறும். குட்டி ஸ்பிரிங் ஒவ்வொரு தகட்டையும் வெளியே தள்ளுவதால், அதன் விளிம்பு சுற்றியுள்ள கூட்டின் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். சரியான சாவி நுழைந்தால் எல்லாத் தகடுகளும் உருளைக்குள் அடங்கும், பூட்டு திரும்பும்.

ஜெனரல் மோட்டார்ஸ் பூட்டுகளில் ஓர் ஆழத்துக்கும் அடுத்த ஆழத்துக்கும் உள்ள வித்தியாசம் 0.025 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.64 மில்லிமீட்டர். இவ்வளவு நுணுக்கமான கணக்கில், பல ஆண்டுகள் தேய்ந்த சாவியை வைத்து டூப்ளிகேட் போட்டால் என்ன ஆகும்? எந்திரம் பழைய சாவியின் மேடு பள்ளங்களைத் தடவிக்கொண்டே புதியதை வெட்டுகிறது. தேய்மானமும் அப்படியே நகலாகிவிடும். எந்திரத்தின் சிறு பிசகும் அதன்மேல் சேரும். அந்த நகலுக்கு ஒரு நகல் எடுத்தால் பூட்டு முரண்டு பிடிக்கும். எண்ணைச் சொல்லி வெட்டிய சாவியோ தொழிற்சாலை அளவுக்கே திரும்பிவிடும். எண் தெரியாவிட்டால் பூட்டைக் கழற்றித் தகடுகளை அளந்தும் சாவி வெட்டலாம். செலவு கூடும், ஆனாலும் நான் அதைத்தான் பரிந்துரைப்பேன்.

இனி பராமரிப்பு. பூட்டு இறுகியதும் பலரும் எண்ணெய்க் குப்பியைத்தான் எடுக்கிறார்கள். அன்றைக்குப் பூட்டு திறந்துவிடும். பிறகு அந்த எண்ணெயில் தூசியும் பித்தளைத் துகளும் ஒட்டிப் பசையாகி, ஸ்பிரிங்கின் பலத்தை மிஞ்சிவிடும். அதற்கப்புறம் தகடு எழும்பவே எழும்பாது.

அதனால்தான் உலர்ந்த கிராஃபைட் தூளைப் பூட்டில் போடும் வழக்கம் வந்தது. கிராஃபைட்டில் கார்பன் அணுக்கள் சீட்டுக்கட்டு போல அடுக்கடுக்காக இருக்கின்றன. ஓர் அடுக்கு அடுத்ததன்மேல் எளிதில் வழுக்கும். ஆனால் காற்றில் ஈரப்பசை இருந்தால்தான் இந்த வழுக்கல். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மிக உயரத்தில் பறந்த விமானங்களில் ஜெனரேட்டரின் கார்பன் பிரஷ்கள் மளமளவென்று தேய்ந்து பொடியாயின. அங்கே நிலவிய வறண்ட காற்றுதான் காரணம் என்பது ஆராய்ந்தபோது தெரிந்தது. ஈரப்பசை என்றால் தண்ணீர் தேங்குவது அல்ல. பல கார்ப் பூட்டுகளின் கூடு துத்தநாகக் கலவையில் வார்த்தது. தண்ணீர் தேங்கிய இடத்தில் கிராஃபைட்டும் துத்தநாகமும் தொட்டுக்கொண்டால் துத்தநாகம் அரிக்கப்படும். வெள்ளைப் பொடி பூத்து உருளை சிக்கிக்கொள்ளும். ஆகவே மழையில் நிற்கும் காரின் கதவுப் பூட்டுக்கு டெஃப்லான் கலந்த உலர் ஸ்பிரேதான் நல்லது. பென்சில் முனையைச் சுரண்டிப் போட வேண்டாம். அதில் களிமண்ணும் கலந்திருக்கிறது.

எதைப் போடுவதற்கு முன்பும் பழைய பிசுக்கைக் கரைப்பான் ஊற்றிக் கழுவி, நன்றாக உலர விடவேண்டும். உருளையை வெளியே எடுத்தால் சாவியை அதிலேயே வைத்திருங்கள். சாவியை உருவினால் தகடுகள் துள்ளிக் குதித்துவிடும். எது எந்த இடம் என்று தெரியாமல் திண்டாட வேண்டியிருக்கும். ஓட்டுநர் பக்கக் கதவை மட்டும் திறந்து பழகியவர்களின் கார்களில் மறுபக்கக் கதவும் டிக்கியும்தான் முதலில் இறுகும். மாதம் ஒரு தடவை அவற்றையும் சாவி போட்டுத் திருப்புங்கள்.

வண்டி ஓடும்போதே சாவி கையோடு வந்துவிட்டால் தகடுகளும் தேய்ந்துவிட்டன என்று பொருள். அதற்காகப் பூட்டைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பல பூட்டுகளின் தகடுகளில் ஆழத்தின் எண் குத்தப்பட்டிருக்கும். அதே எண்ணுள்ள புதுத் தகடுகள் கிடைத்தால், பழைய கூட்டையும் பழைய சாவி எண்ணையும் அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.