கேட்டுக்குள்ளே வேலை, ரோலில் பெயர் இல்லை

பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களில் ஒரு பையன் கம்பெனி வேலைக்குப் போகிறான் என்றால், சம்பளத்தைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: பர்மனென்டா, கான்ட்ராக்டா?

ஏரிக்கரை ஊரான கோட்டைக்குப்பத்துக்குத் தெற்கே காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளத்தையும் துறைமுகத்தையும் எல் அண்ட் டி நிறுவனம் அமைத்தது. துறைமுகம் 2018-ல் அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. உள்ளூர் மீனவர்களுக்கு அங்கே கிடைத்தது ஒப்பந்த வேலை. அதை நிரந்தரமாக்கக் கேட்டு அவர்கள் போராடியும் இருக்கிறார்கள்.

ஒப்பந்த வேலை என்றால் என்ன? வேலை வாங்குவது கம்பெனி சூப்பர்வைசர். சம்பளச் சீட்டின் தலைப்பில் இருப்பதோ ஒப்பந்ததாரர் பெயர். ஒப்பந்ததாரர் மாறினால் இத்தனை வருஷ சர்வீஸும் கேள்விக்குறி. ஒப்பந்த முறையைத் தடை செய்தாலும் தொழிலாளி தானாகவே கம்பெனி ஊழியராகிவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2001-ல் தீர்ப்பளித்திருக்கிறது.

இது எல்லா ஊருக்கும் உள்ள கதைதானே என்று தோன்றலாம். ஆனால் இந்த இளைஞர்கள் வளர்ந்தது வேறொரு முறையில். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் மூன்றும் ஏரியில் 'பாடு' வைத்து மீன் பிடிக்கின்றன. நல்ல இறால் கிடைக்கும் இடங்களில் யார், எப்போது வலை போடுவது என்பதைச் சீட்டும் முறையும் தீர்மானிக்கும். ஊரின் தலைக்கட்டுக் கணக்கில் பெயர் ஏறிவிட்டால் நேற்று வந்த வாலிபனுக்கும் முறை உண்டு. ஊர்க்கூட்டத்தில் எழுந்து பேசலாம். அங்கே பங்காளியாக இருந்தவன் கம்பெனியில் கேட் பாஸ் காலாவதியாகும் ஆள். போராட்டத்தில் தெரியும் கோபத்தின் ஊற்று இதுதான் என்று நினைக்கிறேன். (பாடு முறையையும் கோயிலாக்கிவிட வேண்டாம். பெண்களுக்கும் பிற சாதி மீனவர்களுக்கும் அதில் இடமில்லை.)

அப்படியானால் ஏரிக்கே திரும்பலாமே? முகத்துவாரம் அடிக்கடி தூர்ந்துபோகிறது. பாடு முறையும் எல்லா வீட்டையும் காப்பாற்றுவதில்லை. பிஎஃப், இஎஸ்ஐ, மாதம் தவறாத சம்பளம் இவையெல்லாம் வலையில் விழுவதில்லை. துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கருக்கு விரிக்கும் திட்டத்தை ஊர் எதிர்க்கிறது; அதே ஊர்ப் பையன் ஷிப்டுக்குக் கிளம்புகிறான். இதை முரண்பாடு என்று சொல்வது வெளியூர்க்காரர்களுக்கு எளிது.

2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு, நிறுவனத்தின் மையப் பணியில் ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்தத் தடை விதிக்கிறது. காவல், துப்புரவு, கேன்டீன், சரக்கு ஏற்றி இறக்குதல் ஆகியவை மையப் பணியல்ல. ஆனால் நிறுவனமே அதற்காகத்தான் நடக்கிறது என்றால் அந்த விலக்கு செல்லாது. துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றி இறக்குவதைவிட வேறென்ன தொழில் என்று கேட்கலாம். கேட்கும்முன் தடைக்கான விதிவிலக்கையும் படித்துவிட வேண்டும்: வழக்கமாகவே ஒப்பந்ததாரர் மூலம் நடக்கும் வேலையென்றால், மையப் பணியானாலும் ஒப்பந்த ஆட்களை வைத்துக்கொள்ளலாம்.