காசின் மேனியில் ஒரு படலம்

இலங்கையின் ஊவாத் தோட்டப் பகுதியில் பழைய காசு சேர்க்கும் ஒருவரின் ஆல்பம், பார்வைக்கு வரலாறு. உள்ளே நடப்பதெல்லாம் வேதியியல். முன்பு இலங்கையிலும் செல்லுபடியான பிரித்தானிய இந்திய வெள்ளி ரூபாய் 11.66 கிராம் எடை கொண்டது, அதில் 91.7 சதவீதம் வெள்ளி. அதன் பக்கத்தில் 1870ஆம் ஆண்டு பொறித்த செப்புச் சதம். மூலை மழுங்கிய சதுர ஐந்து சதம் 1909இல் செம்பு–நிக்கல் கலவையாகவும், 1942இல் நிக்கல்–பித்தளையாகவும் அச்சடிக்கப்பட்டது. பிறகு 1978இன் அலுமினியச் சில்லறை, 2017இல் வந்த துருப்பிடிக்காத உருக்கு.

இந்தக் காசுகள் எல்லாவற்றின் தலைவிதியையும் தீர்மானிப்பது, கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம்தான்.

வெள்ளியை எடுத்துக்கொள்வோம். விறகுப் புகையிலும் ரப்பர் வளையத்திலும் மலிவான அட்டையிலும் கந்தகச் சேர்மங்கள் உண்டு. அவை வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடாகின்றன. தொடக்கத்தில் அந்தப் படலம் ஒரு மில்லிமீட்டரின் லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கே இருக்கும். அதன் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து, சில நிறங்களை அழித்துச் சிலவற்றைத் தூக்கிக் காட்டும். மழைநாள் தெருவில் சிந்திய எண்ணெய் வானவில் காட்டுவதும் இதே விதியால்தான். படலம் தடிக்கத் தடிக்க மஞ்சள், செம்பழுப்பு, நீலம் என்று நிறம் மாறி, கடைசியில் கருமை. சேகரிப்பாளர்கள் விரும்பித் தேடும் நிறச்சாயலும், அருவருக்கும் கறுப்பும் ஒரே படலத்தின் இளமையும் முதுமையும்.

செம்பின் பழுப்பு ஆக்சைடு அதற்குக் காவல். ஆனால் குளோரைடு உள்ளே நுழைந்துவிட்டால் காவல் உடைகிறது. வியர்வையில் உப்பு இருப்பதால், காசை விளிம்பில் மட்டும் பிடிக்கச் சொல்கிறார்கள். இன்னொரு வாசல் ஆல்பமே. கடையில் கிடைக்கும் மென்மையான, பளபளப்பான உறைகள் பல பிவிசி. தூய பிவிசியின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். அதை வளைய வைக்கச் சேர்த்த எண்ணெய் நாளடைவில் வெளியேறிக் காசின் மேல் பிசுபிசுக்கும். பிளாஸ்டிக் சிதையும்போது ஹைட்ரஜன் குளோரைடு வெளிப்பட, செம்பில் பச்சைப் பிசின் பூக்கும். சந்தேகமிருந்தால் வெட்டவெளியில், காசில்லாத வெற்று உறையின் ஒரு துணுக்கைச் சூடேற்றிய செப்புக் கம்பியால் தொட்டு, கம்பியைச் சுடரில் காட்டலாம். சுடர் பச்சையானால் உறையில் குளோரின் இருக்கிறது. பொலிஎதிலீன், பொலிபுரொப்பிலீன், பெட் உறைகளில் அந்த வம்பு இல்லை.

எல்லாவற்றுக்கும் ஊற்று ஈரம். ஊவாவில், தென் சமவெளியிலிருந்து ஏறிவரும் காற்று ஹப்புத்தளை மலைவிளிம்பில் குளிர்ந்து மூடுபனியாகிறது. வடகீழ்ப் பருவமழை பதுளையை மாதக்கணக்கில் நனைக்கிறது. 25 பாகை செல்சியஸ் காற்று ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 23 கிராம் நீராவியைத் தாங்கும். 15 பாகையில் 13 கிராம்தான். பகலில் ஈரக் காற்றோடு மூடிய அலுமாரி இரவில் குளிரும்போது, மிஞ்சும் நீர் உலோகத்தின் மேல் படியும். அவ்வளவு வேண்டியதில்லை; ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே பல உலோகங்களின் அரிப்பு வேகமெடுக்கும். ஆகவே மழை விட்ட, வெயிலடிக்கும் நாளில் ஆல்பத்தை அடுக்கி, இறுக மூடும் பெட்டியில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லோடு வைப்பது நல்லது. ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி ஈரத்தைப் போக்கி, மறுபடியும் பயன்படுத்தலாம்.

துருப்பிடிக்காத உருக்கு ஏன் இவ்வளவு பிழைக்கிறது? அதிலுள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து தானே ஒரு படலம் போட்டுக்கொள்கிறது. கீறினாலும் மீண்டும் மூடும். வெள்ளியில் அழகாகவும் அழுக்காகவும் தோன்றுவது, உருக்கில் கவசம்.

அதனால்தான் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவது போல் பழைய காசைத் துலக்கக் கூடாது. அமிலம் அழுக்கோடு சேர்த்து, நூறு ஆண்டுகளாக அந்தக் காசைக் காத்த தோலையும் உரித்துவிடும். பளபளப்பு சில வாரம் நிற்கும். அரிப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.