மின்னியற் பியானோவைப் பேணுதல்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீசும் கடற்காற்று உப்பையும் ஈரத்தையும் ஒருங்கே சுமந்து வீட்டினுள் நுழைகின்றது. மின்னியற் பியானோவுக்கு இவ்விரண்டும் பகை. அதன் 88 கட்டைகளுள் 52 வெண்மையானவை, 36 கருமையானவை. பெரும்பாலும் ஒவ்வொன்றின் அடியிலும் இறப்பர்த் தொடுகை உண்டு. அங்கே தூசு படிந்தால், கட்டையை அழுத்தினும் ஓசை எழாது. பயிலும் சிறுமியோ தன் விரலே பிழைத்ததென்று எண்ணி ஊக்கம் இழப்பாள்.

துடைப்பதற்கு முன் மின்னிணைப்பைக் கழற்றுதல் வேண்டும். மென்மையான பருத்தித் துணியை நீரில் நனைத்து, இறுகப் பிழிந்து, கட்டைகளை உட்புறமிருந்து முன்னோக்கித் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றுக. நீரை நேரே தெளித்தலாகாது. இடுக்கின் வழியே அஃது உள்ளிறங்கிவிடும். தின்னர், மதுசாரம் முதலியன மெருகைக் கெடுக்கும். சன்னலோரத்தைத் தவிர்த்து, வாசித்தபின் துணியுறை இடுக. கைகழுவியபின் வாசிக்கும் பழக்கமோ பாதி வேலையைக் குறைத்துவிடும்.