எலி வளை பார்க்கத் தெரிந்தவர்கள்



தை, மாசியில் சம்பா அறுப்பு முடிந்ததும் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி பக்கத்து வரப்புகளில் இருளர் குடும்பங்கள் கடப்பாரையோடு வருவதைப் பார்த்திருப்பீங்க. "எலி பிடிக்கிறவங்க" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அந்த வேலைக்குள் எவ்வளவு விவரம் இருக்கிறது தெரியுமா?

வரப்பில் பத்து வளை இருக்கும். வாயில் புது மண் தள்ளியிருந்தால் எலி உள்ளே இருக்கிறது. சிலந்தி நூல் கட்டியிருந்தால் காலி. பாம்பு ஊர்ந்த தடம் தெரிந்தால் கை வைக்க மாட்டாங்க. ஒரு வளைக்கு இரண்டு மூன்று வாசல் இருக்கும். மற்றதை எல்லாம் மண்ணால் அடைத்துவிட்டு ஒன்றில் மட்டும் புகை போடுவாங்க. கதிர் முற்றும் பருவத்தில் எலி உள்ளே நெல் சேர்த்து வைக்கும். அதையும் தோண்டி எடுத்தால் சில நாள் சோறு.

புகை போடுவதில்தான் கஷ்டம். ஓட்டை போட்ட மண்பானையில் வைக்கோலைக் கொளுத்தி வாயாலேயே ஊதணும். நுரையீரலும் இதயமும் கெட்டுப்போகும். 2003-ல் உலக வங்கி நடத்திய ஒரு போட்டியில் பரிசு பெற்ற தொண்டு நிறுவனம் ஒன்று, கையால் சுற்றும் இரும்புப் புகைக் கருவியை உருவாக்கியது. திருவள்ளூர், செங்கல்பட்டு பகுதிகளில் 170 கிராமங்களைச் சேர்ந்த 1,500 பேருக்காகச் செய்தது அது. கருவி தயாரிக்கும் பட்டறையை நடத்தியதும் பெண்கள்தான்! முன்பைவிட இரண்டு மடங்கு எலி சிக்கியது. ஆனால் எந்த வளையில் புகை போடணும் என்று கருவிக்குத் தெரியாது. அது அவங்களுக்குத்தான் தெரியும்.

மழை விஷயமும் அப்படித்தான். மண் நனைந்து காற்று அடங்கிய சாயங்காலம், இன்றைக்கு ஈசல் கிளம்பும் என்று சொல்லி புற்றுப் பக்கம் விளக்கு வைப்பாங்க. இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஈசல் ஜோடி சேர்ந்து புதுப் புற்று கட்ட ஈர மண் வேண்டும், அதனால் அப்போது பறக்கிறது. ஆனால் ஈசலும் எறும்பும் இன்றைக்கு நாளைக்கு என்றுதான் சொல்லும். 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் மாதிரி கடலில் கிளம்பும் புயலுக்கு வானிலை மைய எச்சரிக்கையைத்தான் கேட்கணும். இரண்டையும் கேட்பவர்தான் கெட்டிக்காரர் என்பது எங்கள் எண்ணம்.

அரிசி ஆலைக்கும் செங்கல் சூளைக்கும் முன்பணம் வாங்கிப் போன குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வளை பார்க்கக் கற்றுக்கொடுக்க யார் இருக்கிறார்கள்? வயலுக்குப் பதில் சூளையிலேயே வளர்கிறார்கள்.

நிலம் வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கு ஒன்று. எலிக்கு விஷம் வைத்தால், செத்த எலியைத் தின்னும் ஆந்தையும் சாகும். ஆந்தை குறைந்தால் அடுத்த போகத்தில் எலி கூடும். அதற்குப் பதில் இருளர் சகோதரிகளையும் வீட்டுக்காரர்களையும் கூப்பிடுங்க. கூப்பிடும்போதே கூலியைப் பேசிக்கொள்ளுங்க. பிடித்த எலியும் தோண்டிய நெல்லும்தான் கூலி என்று சொல்லிவிடாதீங்க.