கடன் அறிக்கையும் நற்பெயரும்

கடன் வேண்டி நாம் பாங்கியின் படியேறுமுன்னரே நம்மைப்பற்றிய சாட்சியம் அங்குச் சென்றுவிடுகின்றது. அதுவே கடன் தகவல் அறிக்கை. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி டிரான்ஸ்யூனியன் சிபில் முதலாய நான்கு நிறுவனங்கள் இந்தியாவில் இதனைத் தொகுத்து வைக்கின்றன. பாங்கிகள் அனுப்பும் கணக்கையே அவை பதிகின்றன. நம்மை வினவிப் பதிவதில்லை. ஆதலின், தீர்ந்த கடன் தீராததாகவும், பெயரொத்த பிறர் கடன் நமதாகவும் ஏறிவிடுதல் உண்டு. அதனால், தவணை தவறாதவருக்கும் கடன் மறுக்கப்படலாம்.

ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கொரு முறை முழு அறிக்கையை இலவசமாய்த் தரக் கடமைப்பட்டுள்ளது. அதனைப் பெற்று, நம் பெயர், பிறந்த தேதி, ஒவ்வொரு கடனின் நிலுவை ஆகியவற்றை ஒத்துப் பார்த்தல் வேண்டும். பிழை காணின், ரசீதும் கடன் தீர்ந்தமைக்குச் சான்றும் இணைத்து, அந்நிறுவனத்துக்கும் பாங்கிக்கும் முறையிடலாம். 30 நாட்களுக்குள் தீர்வு கிட்டாவிடின், நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு பெற 2024 ஏப்ரல் முதல் நமக்கு உரிமையுண்டு. மெய்யான நிலுவையோ முறையீட்டால் மறையாது, செலுத்தியே தீரவேண்டும்.

கல்விக் கடனில் மாணவரோடு பெற்றோரும் கையொப்பமிடுவதால், ஒரு பிழை இருவர் பெயரையும் கெடுக்கும். ஆகவே, ரசீதுகளைப் பேணுவோமாக. ஆண்டுதோறும் அறிக்கையைப் பார்ப்போமாக.